காயப்போட்டால் பூக்குமா? காகிதப்பூவும் அடீனியமும் ஒரே மாடியில்

எங்கள் மொட்டை மாடி மேற்குப் பார்த்தது. திருச்சி வெயிலில், கத்திரி நாட்களில், பகல் 11 மணிக்கு மேல் அங்கே வெறுங்காலோடு நிற்க முடியாது. ரோஜாவும் சாமந்தியும் பச்சை வலைக்குக் கீழே ஒண்டிக்கொண்டிருக்கின்றன. வலை போடாத பாதிக்கு என்ன வைக்கலாம் என்று எந்த நர்சரியில் கேட்டாலும் இரண்டே பெயர்தான் சொல்வார்கள்: காகிதப்பூ, இல்லாவிட்டால் அடீனியம். "ரெண்டும் தண்ணியே கேக்காது சார், ஊத்த மறந்தாக்கூட பூத்துக்கிட்டே இருக்கும்."

இரண்டையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சில கோடையும் சில அடைமழையும் பார்த்தாயிற்று. நர்சரிக்காரர் சொன்னதில் பாதி உண்மை. இரண்டுமே வறட்சியைத் தாங்கும். ஆனால் வறட்சியை அவை எடுத்துக்கொள்ளும் விதம் வேறு வேறு. அது பிடிபட்ட பிறகுதான் எதற்கு எப்போது ஊற்றுவது, எதை மழையில் விடலாம் என்பதெல்லாம் சரியானது.

முதலில் காகிதப்பூ. இதற்குத் தண்ணீரைச் சேர்த்து வைக்கத் தண்டிலோ வேரிலோ இடம் கிடையாது. ஊற்றாமல் விட்டால் இலை தொங்கும், இன்னும் விட்டால் கொட்டும், அவ்வளவுதான். அப்படியிருந்தும் காயப்போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தண்ணீரும் தழைச்சத்தும் தாராளமாகக் கிடைத்தால் இந்தச் செடி கொடி ஓட்டுவதிலேயே குறியாக இருக்கும். எங்கள் பெரியப்பா வீட்டில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் ஒன்று நிற்கிறது. அடிமரம் கைத்தடிமன், சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டு மாமரத்தில் ஏறிவிட்டது, முழுக்க இலை. பூவைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அதே செடிதான் நால்வழிச் சாலைகளின் நடுத்திட்டில், லாரிப் புகையிலும் அனலிலும், இலை தெரியாமல் பூத்துக் கிடக்கிறது.

மாடியில் நான் செய்து பார்த்தது இது. பூத்து ஓய்ந்த கிளைகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டு, புதுத் துளிர் ஒரு சாண் வரும்வரை ஒழுங்காகத் தண்ணீர் கொடுத்தேன். பூ வருவது புதுக்கிளையில்தான், அதனால் இந்தக் கட்டத்தில் கஞ்சத்தனம் கூடாது. அப்புறம் நிறுத்திவிட்டேன். மாலை நேரத்தில் இலை துவண்டு தொங்கினால் மட்டும் ஊற்றுவது, மறுபடி துவளும்வரை விடுவது. இப்படிச் சில சுற்றுப் போனதும் கிளை நுனியில் இலைக் கணுக்களில் நிறம் எட்டிப் பார்க்கும். நிறம் தெரிந்ததும் பழையபடி தண்ணீர் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் உருவானது உதிர்ந்துவிடும். இதே வேலையைத் தை, மாசியில் செய்தபோது பலன் இன்னும் அதிகம். பகல் குறைவான நாட்களில் இது நன்றாக மொட்டு வைக்கும், அப்போது மழையும் நின்றிருக்கும்.

நாம் பூ என்று சொல்லும் அந்த நிறக் காகிதம் உண்மையில் பூவடி இலை. மூன்று மூன்றாக நிற்கும். நடுவில் குச்சி மாதிரி நீண்டு, நுனியில் வெள்ளையாகச் சின்ன நட்சத்திரம் போல விரிவதுதான் பூ. அது சீக்கிரம் வாடிவிடும், இலை வாடாது, வாரக்கணக்கில் நிற்கும். மாடியில் இவ்வளவு நாள் நிறம் காட்டுகிற வேறு செடி என்னிடம் இல்லை.

இதன் ஊர் தென் அமெரிக்கா. பிரெஞ்சுக் கப்பல் தலைவர் பூகன்வில் 1766இல் தொடங்கிய உலகப் பயணத்தில், அவருடன் போன கொமெர்சோன் என்ற தாவரவியலாளர் பிரேசிலில் இதைச் சேகரித்தார். அவருக்கு உதவியாளாக ஆண் வேடத்தில் கப்பலேறிய ஜான் பரே என்ற பெண் உலகையே சுற்றி வந்துவிட்டார். போகன்வில்லியா என்று செடிக்குப் பெயர் மட்டும் கப்பல் தலைவருடையது.

அடீனியம் வேறு கதை. அரேபியாவும் ஆப்பிரிக்க வறள்நிலங்களும் இதன் பூர்வீகம். அடித்தண்டும் வேரும் சேர்ந்து கிழங்காகப் பருத்து, அதில் தண்ணீரைச் சேமித்து வைத்துக்கொள்ளும். அதனால் ஊற்ற மறந்தாலும் சாகாது என்பது சரி. ஊற்றாவிட்டால் பூக்கும் என்பது சரியில்லை. ஒரே அளவில் இருந்த இரண்டு தொட்டிகளில் ஒன்றைக் கோடை முழுக்கக் காயப்போட்டுப் பார்த்தேன். கிழங்கு சுருங்கித் தொளதொளவென்று ஆனது, இலை பழுத்தது, இருந்த மொட்டுகளும் உதிர்ந்தன. செடி தூங்கப் போய்விட்டது. பக்கத்துத் தொட்டிக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் வடிய வடிய ஊற்றினேன். அது கத்திரி வெயிலில் கொத்துக் கொத்தாகப் பூத்தது. சூட்டில்தான் இதற்குப் பசி. காகிதப்பூவுக்குக் காயப்போடுவது பூக்க வைக்கும் உத்தி. அடீனியத்துக்கு வறட்சி என்றால் கடையை மூடு என்று பொருள்.

அதன் தாகம் தெரிந்துகொள்ளக் கிழங்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தால் போதும். கல் மாதிரி இருந்தால் ஊற்ற வேண்டாம். லேசாக அமுங்கித் தோல் சுருங்கியிருந்தால் தாகம். அமுங்கி, பழுப்பாகி, வாடையும் வந்தால் அழுகல்.

ஐப்பசி மழை தொடங்கியதும் இரண்டின் வேறுபாடும் பட்டவர்த்தனமாகத் தெரிந்துவிடும். காகிதப்பூவை அப்படியே மழையில் விட்டேன். தொட்டியில் தண்ணீர் தேங்காமல் இருந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. பூ இருக்காது, இலையாகத் தள்ளும். வடிகால் ஓட்டையில் மட்டும் கம்பி விட்டு அடைப்பைப் பார்த்துக்கொண்டேன். அடீனியங்களை மாடிப்படி மேல்கூரைக்குள் ஒதுக்கினேன். குளிர்ந்த காற்று, ஈர மண் இரண்டும் சேர்ந்தால் கிழங்கு உள்ளிருந்து அழுகும். மார்கழியில் இலை மஞ்சளாகிக் கொட்டும். பார்க்கப் பாவமாக இருக்கும், ஆனால் அப்போது தண்ணீர் காட்டக் கூடாது.

ஒரு மழைக்காலத்தில், இடம் போதாமல் வெளியே நின்ற ஒன்றின் அடி மெத்தென்று ஆகிவிட்டது. பிடுங்கி, கத்தியைத் துடைத்துக்கொண்டு, வெள்ளைச் சதை வரும்வரை சீவினேன். கிழங்கில் பாதி போனது. வெட்டிய இடத்தில் பூஞ்சைக் கொல்லித் தூள் தடவி, ஒரு வாரம் நிழலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு, காய்ந்த மணலில் நட்டேன். அது பிழைத்துக்கொண்டது. இப்போது ஒரு பக்கம் சப்பையாக நிற்கிறது, எனக்கு அந்த வடிவம்தான் பிடித்திருக்கிறது.

கையைக் கழுவ மறக்காதீர்கள். அடீனியத்தின் சாறு நஞ்சு. கிழக்கு ஆப்பிரிக்க வேட்டைக்காரர்கள் அம்பு நுனிக்குத் தடவியது இந்த இனச் செடிகளின் சாற்றைத்தான். அரளிக் குடும்பம் என்பதால் இது ஆச்சரியமில்லை. அரளியைத் தின்னும் அதே பருத்த பச்சைப் புழு, தலைப்பக்கம் நீலக் கண் போலப் புள்ளி வைத்தது, இதற்கும் வரும். ராத்திரி இருந்த இலை காலையில் இருக்காது. பொறுக்கிப் போட்டால் போதும், மருந்து தேவைப்படவில்லை. மொட்டில் அப்பும் மாவுப்பூச்சிதான் தொல்லை, வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து திரும்பத் திரும்ப அடிக்க வேண்டியிருக்கிறது. காகிதப்பூவிடம் பூச்சி அதிகம் அண்டாது. முள் இருக்கிறது, அது பூச்சியை விட மோசம். கையுறை இல்லாமல் வெட்டப் போகாதீர்கள்.

மண் விஷயத்தில் இரண்டும் ஒத்துப்போவதே இல்லை. காகிதப்பூவுக்குச் செம்மண், மணல், கொஞ்சம் தொழுவுரம் போதும். வேர் தொட்டியை நிறைத்து நெருக்கினால் நன்றாகப் பூக்கும், அதனால் 12 அங்குலத் தொட்டியிலிருந்து மாற்ற அவசரப்படவில்லை. வேர் மெல்லிசு, மாற்றும்போது மண்கட்டி உடைந்தால் செடி கோபித்துக்கொள்ளும். எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதை ஊற்றி ஊற்றி இலை நரம்பு பச்சையாகவும் நடுப்பகுதி மஞ்சளாகவும் ஆனது, இரும்புச்சத்து ஏறாத அடையாளம். லிட்டருக்கு இரண்டு கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து விட்டதில் புதுத் துளிர் பச்சையாக வந்தது. தொட்டியைத் தளத்தில் நேரடியாக வைக்காமல் செங்கல் மேல் தூக்கி வையுங்கள், ஓட்டை வழியே வேர் இறங்கித் தட்டோட்டு இடுக்கில் பிடித்துக்கொள்ளும்.

அடீனியத்துக்கு அகலமான, ஆழமில்லாத தொட்டி. பாதிக்கு மேல் சலித்த பருமணலும் உடைத்த செங்கலும், கொஞ்சம் கரித்துண்டு, ஒரு கை மண்புழு உரம். நர்சரியிலிருந்து வரும் தென்னைநார்க் கழிவு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதை முழுக்க உதறிவிட வேண்டும். வேர் கழுவினாலும் இது கோபிக்காது. தொட்டி மாற்றும்போதெல்லாம் கிழங்கை ஓர் அங்குலம் மேலே தூக்கி நட்டால் வேர்கள் கால்கள் போல வெளியே தெரியும். இந்த வேலை எனக்குப் பூவை விடப் பிடித்துப்போய்விட்டது.

செடி பெருக்கும் வழியும் வேறு. காகிதப்பூவுக்குப் பென்சில் தடிமனில் முற்றிய குச்சி, மேலே பிளாஸ்டிக் கவர் மூடி நிழலில் வைத்தால் சிலது வேர் பிடிக்கும், அடுக்கு ரகம் சுலபத்தில் பிடிக்காது, பதியன் மேல். அடீனியமும் குச்சியில் வரும், ஆனால் அழகான கிழங்கு விழாது. கிழங்கு வேண்டுமென்றால் விதைதான். காய், மாட்டுக் கொம்பு மாதிரி ஜோடியாக வரும். முற்றும்போது நூலால் கட்டி வைக்க வேண்டும், இல்லையென்றால் வெடித்து, இரண்டு முனையிலும் பஞ்சு கட்டிய விதைகள் தெருவுக்குப் பறந்துவிடும். புது விதை ஒரு வாரத்துக்குள் முளைக்கும். தாய் நிறம் வரும் என்று உத்தரவாதம் கிடையாது.

அம்மாவுக்கு இரண்டின் மேலும் மரியாதை இல்லை. "வாசமும் கெடையாது, தொடுக்கவும் ஆகாது, இதுக்காடா இவ்ளோ பாடு?" என்பார்கள். ஆடிக் காற்றில் காகிதப்பூத் தொட்டி சாய்ந்து, உதிர்ந்த காகிதமெல்லாம் மழைநீர்க் குழாயை அடைத்து மாடியில் தண்ணீர் நின்றபோது அவர்கள் பேச்சில் நியாயம் இருந்தது. இப்போது தொட்டியைக் கைப்பிடிச் சுவர்க் கம்பியோடு கட்டியிருக்கிறேன், குழாய் வாயில் வலை வைத்திருக்கிறேன்.

எதை வாங்கலாம் என்று கேட்டால், தெருவிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு நிறம் வேண்டும், வெட்டவும் கூட்டவும் ஆள் உண்டு என்றால் காகிதப்பூ. மழைக்கு ஒதுக்க இடம் இருந்து, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற ஆள் என்றால் அடீனியம். குழந்தை எதையும் வாயில் வைக்கும் வயதில் இருந்தாலோ, வீட்டில் நாய் பூனை இருந்தாலோ அடீனியம் இப்போதைக்கு வேண்டாம்.

காகிதப்பூவைப் பூத்திருக்கும்போது வாங்குங்கள், நிறம் ஏமாற்றாது. மேரி பாமர் ரகத்தில் ஒரே செடியில் வெள்ளையும் கருஞ்சிவப்பு ரோஸும் சேர்ந்து வரும், ஒரு தொட்டிதான் என்றால் அதைக் கேளுங்கள். அடீனியம் வாங்கும்போது பூவைப் பார்க்காதீர்கள், கிழங்கை அழுத்திப் பாருங்கள். அடுக்குப் பூ என்றால் பெரும்பாலும் ஒட்டுச் செடியாக இருக்கும், ஒட்டுக்குக் கீழே துளிர் வந்தால் உடனே கிள்ளிவிட வேண்டும்.