கொச்சியில் கப்பல் இறங்கினால் கோயம்புத்தூரில் சிமெண்ட் விலை குறையுமா?

மூட்டைக்கு இருபது, முப்பது ரூபாய் ஏறும்போதெல்லாம் கொங்கு நாட்டில் ஒரு பேச்சு கிளம்பும். "கொச்சிக்குக் கப்பல்ல வருதாமா, அங்கிருந்து எடுத்தா கம்மியாகுமுங்களே?" கேள்வி நியாயமானதுதான். பதில் துறைமுகத்து விலையில் இல்லை. லாரி வாடகையிலும், சிமெண்டைக் கொட்டி வைக்கும் கோபுரமான சைலோவின் கொள்ளளவிலும், அந்த சைலோ யாருடையது என்பதிலும் இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். கொச்சித் துறைமுகத்தில் இறங்கும் சிமெண்டில் பெரும்பகுதி வெளிநாட்டுச் சரக்கு இல்லை. குஜராத் கரையிலும் ஆந்திரக் கரையிலும் ஏற்றி, கடல் வழியாக வரும் இந்திய சிமெண்ட் அது. குஜராத்தின் முல்துவாரகாவிலிருந்து தனிக் கப்பல்களில் லூஸ் சிமெண்டை (மூட்டை கட்டாத சிமெண்ட்) அனுப்பும் வேலையை அம்புஜா சிமெண்ட் நிறுவனம் 1990-களிலேயே ஆரம்பித்துவிட்டது. அதற்குச் சுங்க வரி கிடையாது. நாட்டின் மொத்த உற்பத்தியோடு பார்த்தால் வெளிநாட்டு இறக்குமதி நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது.

இறக்குமதிக்குக் கதவைத் திறந்து பார்த்த காலமும் உண்டு. விலை எகிறிய 2007 ஜனவரியில் போர்ட்லாண்ட் சிமெண்டின் சுங்க வரியை மத்திய அரசு பூஜ்யமாக்கியது. இந்தியத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பான பிஐஎஸ்ஸின் உரிமம் வாங்கிய பாகிஸ்தான் ஆலைகளின் சரக்கு அதே ஆண்டில் வர ஆரம்பித்தது. 2019 பிப்ரவரியில் புல்வாமா தாக்குதலுக்குப் பின் பாகிஸ்தான் சரக்குகளுக்கு 200 சதவீத வரி விழுந்ததும் அந்த வழி அடைந்துபோனது. வரியை நீக்கியும் நம் சந்தையை இறக்குமதி புரட்டிப் போடாததற்குக் காரணம் நிலத்தடியில் இருக்கிறது. சூளையில் சுட்டு எடுக்கும், அரைத்தால் சிமெண்ட் ஆகும் கட்டிதான் கிளிங்கர். ஒரு டன் கிளிங்கருக்குச் சுமார் ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் வேண்டும். அதனால் ஆலை கல் இருக்கும் இடத்தில்தான் உட்காரும், நமக்கு அந்தக் கல் வீட்டு வாசலிலேயே கிடக்கிறது. மதுக்கரை ஆலை 1930-களில் வந்தது, சங்ககிரியும் கரூர் புலியூரும் 1960-களில். எல்லை தாண்டி வாளையாரில் கேரள அரசின் மலபார் சிமெண்ட்ஸ் 1984-லிருந்து ஓடுகிறது. கிழக்கே அரியலூரும் டால்மியாபுரமும் தனி உலகம்.

இனி வாடகைக்கு வருவோம். கணக்கு சுலபமாக இருக்க டன்னுக்குக் கிலோமீட்டருக்கு 3 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் லாரி ஆபீஸ் சொல்லும் ரேட்டைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். டன்னுக்கு 20 மூட்டை. தூத்துக்குடியிலிருந்து கோவை சுமார் 350 கிலோமீட்டர், மூட்டைக்கு ஐம்பத்திரண்டு ரூபாய்க்கு மேல் வருகிறது. அந்த வழியை மறந்துவிடலாம். அரியலூரிலிருந்து சுமார் 280, மூட்டைக்கு 42 ரூபாய். கொச்சியிலிருந்து 190, சுமார் 28 ரூபாய். சங்ககிரியிலிருந்து 125, சுமார் 19 ரூபாய். மதுக்கரையிலிருந்து வாடகை என்று சொல்லவே ஒன்றுமில்லை.

அரியலூரைவிடக் கொச்சி கிட்டத்தில் இருக்கிறது என்பது பலர் கவனிக்காத விஷயம். இதற்கு மேல் ரிட்டன் லோடு வேறு. நாமக்கல் முட்டையும் காய்கறியும் நம் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு கேரளா போகும் லாரிகளில் ஏராளமானவை காலியாகத் திரும்புகின்றன. காலி வண்டிக்கு டீசல் காசு வந்தால் போதும், ஆகவே மூட்டைச் சரக்குக்கு அங்கிருந்து வரும் வாடகை போகும் வாடகையைவிட நன்றாகக் குறையும். லூஸ் சிமெண்டை ஏற்றும் டேங்கர் லாரியான பல்கருக்கு இந்தச் சலுகை இல்லை. அது சிமெண்ட், சாம்பல் போன்ற தூளைத் தவிர வேறு எதையும் ஏற்றாது, பெரும்பாலும் ஒரு பக்கம் காலியாகத்தான் ஓடும், இரண்டு பக்கத்து டீசலும் ஒரே லோடின் தலையில் விழும்.

அப்படியானால் கொச்சி மூட்டை ஏன் பொள்ளாச்சி ரோட்டுக் கடையில் குவியவில்லை? துறைமுகத்தில் சிமெண்டை இறக்கிச் சேமித்து அனுப்பும் டெர்மினல் எப்படி ஓடுகிறது என்று பார்த்தால் புரியும்.

20,000 டன் கப்பல் ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றழுத்தக் குழாய் வழியாக மணிக்கு 300 டன் இறக்கலாம் என்பது மிஷின் கணக்கு. அப்படிப் பார்த்தால் 67 மணி நேரத்தில் முடிய வேண்டும். நடப்பில் நான்கு நாள் ஆகும். கடலில் ஆடி அதிர்ந்து வந்த சிமெண்ட் அடியில் இறுகிக் கிடக்கும். கீழிருந்து துணிப் படுகை வழியாகக் காற்றை ஊதி இளக்கினால்தான் தண்ணீர் மாதிரி ஓடும். கடைசியில் மூலைகளில் நிற்பதைச் சின்ன லோடரை இறக்கித்தான் தள்ளி எடுக்க வேண்டும். ஊதும் காற்றில் ஈரம் இருக்கக் கூடாது. கம்ப்ரஸருக்குப் பின்னால் இருக்கும் ஏர் டிரையர் ஒரு ஷிப்ட் சரியாக வேலை செய்யாவிட்டால் குழாய் வளைவுகளில் சிமெண்ட் கட்டி பிடித்து வழி சுருங்கும், மணிக்கு 300 என்பது 180 ஆகும். அந்த வளைவுகள்தான் சீக்கிரம் தேய்ந்து ஓட்டையாவதும். சிமெண்ட் உப்புத்தாள் போல இரும்பை அரிக்கும் என்பதால், வளைவுகளுக்கு உள்ளே செராமிக் பூச்சு வைத்த குழாய் போடுவார்கள்.

இறங்கும் சிமெண்டுக்கு இடம் வேண்டுமே. சைலோ 15,000 டன், பழைய சரக்கு 3,000 உள்ளே நிற்கிறது. மிச்சம் 12,000 டன்னுக்குத்தான் இடம். கப்பலில் வரும் பாக்கி 8,000 டன் அந்த நான்கு நாளுக்குள் வெளியே போயாக வேண்டும், அதாவது ஒரு நாளைக்கு 2,000 டன். 30 டன் வண்டி என்றால் 67 லோடு. மணிக்கு 100 டன்னை மூட்டையில் நிரப்பும் மிஷினான ரோட்டரி பேக்கர் ஒன்று 16 மணி நேரம் நிற்காமல் ஓடினாலும் 1,600 டன், 32,000 மூட்டை, அவ்வளவுதான். மீதிக்குப் பல்கர் வரிசை கட்ட வேண்டும். வராவிட்டால் கப்பல் காத்து நிற்கும், நாள் கணக்கில் டெமரேஜ் (கப்பலைக் காக்க வைத்ததற்கான கட்டணம்) ஏறும், அது மூட்டை விலையில் வந்து உட்காரும்.

டெர்மினல் கொள்ளளவு என்று விளம்பரத்தில் வரும் எண்ணை நான் அப்படியே எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம் இதுதான். மணிக்கு 300 டன் குழாய் வருடத்தில் 300 நாள் இரவு பகல் ஓடினால் 21 லட்சம் டன்னுக்கு மேல் காட்டும். சந்தை ஒரு நாளைக்கு 1,200 டன்தான் எடுக்கிறது என்றால், 20,000 டன் கப்பல் பதினாறு பதினேழு நாளைக்கு ஒன்றுதான் வர முடியும். வருடத்துக்கு 22 கப்பல், 4.4 லட்சம் டன். காகிதத்தில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு. மழைக்காலம் இதை இன்னும் குறைக்கும். மூடிய குழாயில் இறக்கும் கப்பலுக்கு மழை தடையில்லை. மூட்டையாகவோ ஜம்போ பையிலோ வரும் சரக்குக்குத் தூறல் விழுந்தாலே கப்பலின் மூடியைச் சாத்த வேண்டும். எப்படி வந்தாலும் ஜூன் முதல் கேரளாவில் கட்டட வேலை படுத்துவிடும், சைலோ நிரம்பி நிற்கும்.

கொச்சியில் மூட்டை கட்டுகிறவருக்கு முதல் சந்தை எர்ணாகுளமும் திருச்சூரும்தான். கேரளாவில் சிமெண்ட் விலை பொதுவாக நம் ஊரைவிடக் கூடுதல். அங்கே நல்ல விலைக்குப் போகும் சரக்கை, வாளையார் தாண்டி, மதுக்கரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து குறைத்து விற்க யாருக்கும் அவசியமில்லை.

ஆனாலும் அந்தக் கப்பல் நம் விலையைத் தொடும், வேறு வழியாக. கேரளா வாங்கும் சிமெண்டின் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து போவது. கொச்சியில் ஒரு சைலோ கூடினால், அந்த அளவுக்கு நம் ஆலைகளின் கேரள லோடு குறையும். ஆலையின் சூளையை நினைத்தபோது அணைத்து ஏற்ற முடியாது, ஆகவே போகாத சரக்கு கோவை, திருப்பூர், ஈரோடு டீலர்களிடம்தான் திரும்பும். முதலில் பில் விலை இறங்காது. "இந்த மாசம் இத்தனை டன் எடுத்தா டிஸ்கவுண்ட்" என்று டீலருக்கு வரும் ஸ்கீம் தடிக்கும். சில்லறை விலை அசைவது அதற்குப் பிறகுதான். நூறு மூட்டைக்கு மேல் வாங்குகிறவர்கள் டீலரிடம் விலையை மட்டும் கேட்காமல், மாத ஸ்கீம் எப்போது முடிகிறது என்றும் கேளுங்கள். டார்கெட் முடிக்க வேண்டிய கடைசி வாரத்தில் பேரம் படியும்.

இந்த வழியும் இப்போது குறுகி வருகிறது, என் கவலை அதுதான். மதுக்கரை ஆலையை வைத்திருக்கும் ஏசிசியும், கொச்சியில் டெர்மினல் வைத்திருக்கும் அம்புஜாவும் 2022-ல் அதானி குழுமத்துக்குப் போயின. 2024-ல் பென்னா சிமெண்டை அம்புஜா வாங்கியபோது கொச்சி, காரைக்கால், கோபால்பூர், கொல்கத்தா, கொழும்பு டெர்மினல்களும் சேர்ந்தே கைமாறின. அதே ஆண்டு டிசம்பரில் சங்ககிரி ஆலையோடு இந்தியா சிமெண்ட்ஸ் அல்ட்ராடெக் வசமானது. ஆலையும் துறைமுகச் சைலோவும் ஒரே கையில் இருந்தால், கப்பல் ஆலையோடு போட்டி போடாது. எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு அனுப்புவது என்று ஒரே மேஜையில் முடிவாகும். விலையை ஒன்றுகூடி வைத்ததாகப் போட்டி ஆணையம் 2012-ல் 11 சிமெண்ட் நிறுவனங்களுக்கு 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்ததையும், அந்த வழக்கு மேல்முறையீடுகளில் இழுத்ததையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். யார் வேண்டுமானாலும் கூலி கொடுத்து இறக்கிக்கொள்ளும் பொது சைலோ கொச்சியிலோ காரைக்காலிலோ இருந்தால்தான் துறைமுகம் விலைக்குக் கடிவாளமாகும். அமெரிக்காவில் வருடத்துக்குச் சுமார் 10 கோடி டன் தேவையில் நான்கில் ஒரு பங்குக்கு அருகே துருக்கி, கனடா, வியட்நாம் போன்ற நாடுகளிலிருந்து வருகிறது. அங்கே கடற்கரை ஊர்களின் விலையைத் துறைமுகச் சைலோதான் பிடித்து வைக்கிறது. தேவையைவிட ஆலைத் திறன் அதிகமாக இருக்கும் தென்னிந்தியாவில் அதையே எதிர்பார்க்க முடியாது.

நமக்கு உண்மையிலேயே கப்பலில் வருவது எரிபொருள். சூளைக்கு வேண்டிய பெட்கோக்கும் (பெட்ரோலியச் சுத்திகரிப்பில் மிஞ்சும் கரி) நிலக்கரியும் துறைமுகம் வழியாகத்தான் பெரும்பாலும் வருகின்றன. ஒரு கிலோ கிளிங்கருக்கு 740 கிலோகலோரி, பெட்கோக்கில் கிலோவுக்கு 8,000 என்று வைத்தால், டன் கிளிங்கருக்குச் சுமார் 93 கிலோ பெட்கோக். அதன் விலை டன்னுக்கு 4,000 ரூபாய் ஏறினால் கிளிங்கருக்கு 370 ரூபாய் கூடும். கிளிங்கர் 65 சதவீதம் உள்ள பிபிசி (சாம்பல் கலந்த சிமெண்ட்) மூட்டையில் அது 12 ரூபாய். மீதியில் பெரும்பங்கு மேட்டூர் அனல் மின் நிலையம் போன்ற இடங்களிலிருந்து வரும் சாம்பல், அதில் கப்பலுக்கு வேலையில்லை. எரிபொருளைக் காரணம் காட்டி மூட்டைக்கு 40 ரூபாய் ஏற்றினால், இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

கொச்சி மூட்டை உங்கள் சைட்டுக்கு வந்துவிட்டால் பையின் பக்கவாட்டைப் பாருங்கள். ஐஎஸ்ஐ முத்திரைக்குக் கீழே உரிம எண், அருகில் வாரமும் ஆண்டும் இருக்கும். 32-ஆம் வாரம் என்றால் ஆகஸ்ட் முதல் பாதி. அது மூட்டை கட்டிய வாரம், அரைத்த வாரம் இல்லை. கப்பலிலும் சைலோவிலும் கிடந்த நாள் அதில் சேராது. பெரிய சைலோவில் நடுவில் இருப்பது முதலில் இறங்கும், சுவரோரம் நிற்பது மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். எனவே ஸ்லாப் போடும் அளவுக்கு லோடு எடுத்தால், ஒரு மூட்டையிலிருந்து மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்பி 7 நாள் வலிமையைப் பார்த்துவிடுங்கள். கோவையில் இன்ஜினியரிங் கல்லூரி லேப்களிலேயே செய்து தருகிறார்கள். அதுவரை பலகை மேல், சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, பத்து மூட்டைக்கு மேல் உயரம் போகாமல் அடுக்குங்கள். மூன்று மாதம் தாண்டினால் வலிமை ஐந்தில் ஒரு பங்கு போய்விடும், அந்தச் சரக்கைத் தூணுக்கும் ஸ்லாப்புக்கும் தொடாதீர்கள்.