ராஜாவுக்கு சளி புடிச்சிருக்கும் போல

போன ஞாயித்துக்கிழமை குன்னூர்ல விடாத மழை, வெளிய தலைகாட்ட முடியல, சரின்னு அப்பா அம்மாவோட உக்காந்து ஓடிடில ஒரு சோழர் படம் போட்டேன். பேரு வேணாம், ஃபேன்ஸ் சண்டைக்கு வருவாங்க. அரைமணி நேரம் நல்லாத்தான் போச்சு. அப்புறம் இளவரசர் எதிரிகிட்டருந்து தப்பிச்சு காட்டுக்குள்ள ஓடிவந்து ஒரு மரத்துல சாஞ்சு மூச்சு வாங்குறாரு, அப்பா சட்டுனு "நிறுத்துடா"ன்னாரு.

"மரத்தைப் பாரு, பட்டை உரிஞ்சு தொங்குது பாரு. கற்பூர மரம்டா அது."

கற்பூர மரம்னா எங்க ஊர்ல யூகலிப்டஸ். அப்பா இருபது வருஷம் அந்த இலையில நீலகிரி தைலம் காய்ச்சுற அடுப்புல வேலை பாத்தவரு. இலையை டிரம்முக்குள்ள மிதிச்சு மிதிச்சு திணிச்சு, காய்ச்சி முடிஞ்ச சருகையே காயவச்சு கீழ எரிச்சு, ராத்திரி வீட்டுக்கு வந்தா சட்டையில அந்த வாடை துவைச்சாலும் போகாது. அவரு கண்ணுல தப்புமா? "ராஜாவுக்கு சளி புடிச்சிருக்கும் போல, அதான் தைல மரமா பாத்து சாஞ்சிருக்காரு"ன்னு ஒரே சிரிப்பு.

கீழ இருக்கறவங்க நீலகிரி தைலம்னா ஏதோ சித்தர் காலத்து சமாச்சாரம்னு நினைப்பாங்க. மரம் ஆஸ்திரேலியாவோடது, வெள்ளக்காரன் 1843 வாக்குல விறகுக்காக இங்க கொண்டாந்து நட்டது. ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985. எவ்ளோ இடிக்குது பாருங்க. அடுத்து ஒரு வாள்சண்டை, அது பைன் காட்டுல, காலடியில உண்ணிச்செடி வேற பூத்துக் கெடக்கு, அதுவும் அமெரிக்காப் பக்கத்துலருந்து வந்ததுதான்.

டிரெஸ் விஷயத்துல நான் அவ்ளோ கறார் இல்ல. தஞ்சாவூர் பெரிய கோயில் கருவறையைச் சுத்தி நாயக்கர் ஓவியத்துக்கு அடியில 1931ல கண்டுபுடிச்ச சோழர் ஓவியம் இருக்கே, அதுல ஆடுற பொண்ணுங்க ஜாக்கெட்டா போட்டிருக்காங்க? அப்படியே எடுத்தா சென்சார் விடாது, புரியுது. ஆனா நகைக்கு மட்டும் ஆறு மாசம் ஆராய்ச்சி பண்ணோம்னு பேட்டி குடுக்கறவங்க மரத்தைப் பத்தி இந்த ஊர் டீக்கடையில ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல.

இத்தனைக்கும் நெசமாவே ஒரு படை இந்த மலைக்கு வந்ததா கல்வெட்டு இருக்கு. ஹொய்சள ராஜா விஷ்ணுவர்த்தனனோட தளபதி புணிசன், இந்த மலையோட பழங்குடிகளான தோடர்களை மிரட்டி நீலமலையைப் புடிச்சான்னு 1117ல பொறிச்சு வச்சிருக்காங்க. அவன் கண்ணுல பட்டது புல்வெளியும் மடிப்புக்கு மடிப்பு சோலைக்காடும்தான். ஊட்டிக்கு அந்தாண்ட அவலாஞ்சி பக்கம் அது இன்னும் மிச்சம் இருக்கு, ஆனா அங்க கேமரா கொண்டுபோக வனத்துறை பர்மிஷன் வாங்கணும், ரோட்டோரமா வண்டியை நிறுத்தி எடுக்கறது சுலபம்.

இதெல்லாம் நானும் அப்பாவும் பேசிட்டே இருக்கோம், அப்பா ரிமோட்டை வாங்கி அந்த சீனை மறுபடி மறுபடி ஓட்டி இது எந்த ரோடுன்னு கண்டுபுடிக்கப் பாக்குறாரு. அம்மாவுக்கு கோவம் வந்துருச்சு. "கற்பூர மரமோ கருவேல மரமோ, பொழுதன்னிக்கும் அந்தப் புள்ளையை அங்கயே மூச்சு வாங்க விட்டிருக்கீங்க, படத்தை ஓட்டுங்க முதல்ல."