ஏழரை விழுக்காடும் அதிர்ஷ்டமும்

ஒவ்வோர் ஆண்டும் நீட் தேர்வு முடிவு வெளியானதும், உழைத்தவருக்குப் பலன் கிடைத்தது என்ற பேச்சு எழுகிறது. அவர்கள் உழைத்தார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், உழைப்பதற்கே ஒரு சூழல் வாய்க்க வேண்டும் என்பது அந்தப் பேச்சில் அடிபட்டுப் போகிறது. மதிப்பெண் குறைந்தால் மகனை இன்னும் ஓராண்டு பயிற்சி மையத்தில் சேர்த்துப் படிக்க வைக்க ஒரு வீட்டுக்கு முடிகிறது; இன்னொரு வீட்டிலோ, பிளஸ் டூ முடித்த பெண் அடுத்த மாதமே திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனால்தான் தம்பியின் படிப்பு நடக்கும். இருவரும் சம அளவில் கெட்டிக்காரர்களாக இருக்கலாம். அந்த ஓராண்டு யாருக்கு வாய்த்தது என்பதைத் தரவரிசைப் பட்டியல் காட்டுவதில்லை.

இதைச் சட்டத்தின் வழியாகவே ஒப்புக்கொண்டது தமிழ்நாடு என்பதால், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டை நான் பெரிதாக மதிக்கிறேன். ஓய்வுபெற்ற நீதிபதி கலையரசன் தலைமையிலான குழு பரிந்துரைத்தது 10 விழுக்காடு. அரசு நிர்ணயித்தது ஏழரை. ஆளுநரின் ஒப்புதல் இழுபறியாக நீண்டதால், அக்டோபர் 29 அன்று அரசு ஆணையே பிறப்பித்துவிட்டது. ஒப்புதல் மறுநாள் வந்தது. முன்பு விரல்விட்டு எண்ணும் அளவில் மருத்துவம் சேர்ந்த அரசுப் பள்ளி மாணவர்கள், அந்த ஆண்டே நூற்றுக்கணக்கில் சேர்ந்தார்கள். அவர்களிலும் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்த சிலர், கட்டணத்தைக் கேட்டதும் இடத்தையே விட்டுவிட்டுத் திரும்பினார்கள். கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு அதன் பிறகுதான் வந்தது. கலந்தாய்வில் சில இடங்கள் முன்னால் நின்று அரசுக் கல்லூரியைப் பெற்றவர்களுக்கு இந்தத் தவிப்பே இல்லை.

இதைச் சலுகை என்று சிலர் குறைத்துப் பேசுவது எனக்கு வேதனை தருகிறது. இந்த மாணவர்களும் நீட்டில் தகுதி பெற்றவர்களே. வசதியுள்ள வீட்டில் பிறந்ததை யாரும் சலுகை என்று சொல்வதில்லையே!

ஆனால், இந்த ஒதுக்கீட்டுக்குள்ளும் அதிர்ஷ்டம் புகுந்திருக்கிறது. ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது விதி. ஊரில் இருந்த ஒரே உயர்நிலைப் பள்ளி அரசு உதவிபெறும் பள்ளியாக அமைந்துவிட்டால், அதே கூலி வீட்டுப் பிள்ளை வெளியே நிற்கிறது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்துவிட்ட நிலையில், ஏழரையில் கை வைக்காமல், உதவிபெறும் பள்ளிகளின் ஏழை மாணவர்களுக்கெனத் தனியே ஒரு பங்கு ஒதுக்க அரசு முன்வர வேண்டும்.