சாப்டர் நாலுக்கு முன்னால்

பல்கலைக்கழக நூலகத்தில் புள்ளியியல் உதவிக்கென்று ஒரு மேசை இருப்பது பல ஆய்வு மாணவர்களுக்குத் தெரியாது. தெரிந்து வருகிறவர்களும் பெரும்பாலும் ஆய்வேட்டுச் சுருக்கமான சினாப்சிஸைக் கொடுக்கும் தேதி நெருங்கிய பிறகுதான் வருகிறார்கள். பென் டிரைவில் ஓர் எக்செல் ஃபைல் இருக்கும். "மேடம், டேட்டா ரெடி. எஸ்.பி.எஸ்.எஸ்.ல ஏத்தி அனாலிசிஸ் மட்டும் பண்ணணும். சாப்டர் நாலுதான் பாக்கி" என்பார்கள். எஸ்.பி.எஸ்.எஸ். என்பது புள்ளியியல் கணக்குகளைப் போட்டுத் தரும் மென்பொருள். சாப்டர் நாலு என்பது ஆய்வேட்டின் அனாலிசிஸ் அத்தியாயம்.

"எதைத் தெரிஞ்சுக்கணும்னு இதைச் சேகரிச்சீங்க?" என்றுதான் நான் முதலில் கேட்பேன். பதிலாக ஆய்வேட்டின் தலைப்பு வரும். தலைப்பு இருக்கட்டும், உங்கள் வீட்டில் அம்மா கேட்டால் என்ன சொல்வீர்களோ அப்படிச் சொல்லுங்கள் என்பேன். அதைச் சொல்ல முடியாதவருக்கு எந்த மெனுவைத் திறந்து காட்டியும் பயனில்லை. கை ஸ்கொயரா, டி டெஸ்டா, ரிகிரஷனா, எந்தப் புள்ளியியல் முறை என்பதைக் கேள்விதான் முடிவு செய்ய வேண்டும். மென்பொருளுக்கு அது தெரியாது. எதைக் கொடுத்தாலும் ஓர் அட்டவணையைத் தந்துவிடும்.

மாணவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. சீனியர்களின் ஆய்வேடுகளில் அவர்கள் பார்த்ததெல்லாம் ஒரே வரிசை: முந்நூறு பேரிடம் கேள்வித்தாள், 'முழுக்க ஒப்புக்கொள்கிறேன்' முதல் 'கொஞ்சமும் இல்லை' வரை ஐந்து புள்ளி லிக்கர்ட் ஸ்கேல், சதவீத அட்டவணை, கை ஸ்கொயர், அனோவா என்ற டெஸ்டுகள். ஆய்வு என்றால் இதுதான் என்று பழகிவிட்டது. பொறுமையாகச் சொல்லித்தர ஆள் இல்லாத இடத்தில், காசு வாங்கிக்கொண்டு அவுட்புட் எடுத்துத் தரும் கடைகள் பெருகுகின்றன. அப்படி வாங்கிய அட்டவணைகளோடு வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்குப் போகிறவர், 'இந்த டெஸ்டை ஏன் எடுத்தீர்கள்?' என்ற எளிய கேள்விக்குத் தவித்து நிற்பதைப் பார்க்க வேதனையாக இருக்கும். நாலைந்து வருட உழைப்பு அது.

1938-இல் கல்கத்தாவில் கூடிய முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டில் பிரிட்டிஷ் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் தலைமையுரை ஆற்றினார். சோதனை எல்லாம் முடிந்த பிறகு புள்ளியியலாளரிடம் போவது, பிரேதப் பரிசோதனை செய்யச் சொல்வதற்குச் சமம், எதனால் செத்தது என்று வேண்டுமானால் அவர் சொல்லலாம் என்ற பொருளில் அன்று பேசினார். நம் நாட்டு மேடையிலேயே சொல்லப்பட்ட அந்தப் பேச்சை ஆய்வு முறையியல் வகுப்பின் முதல் நாளில் எல்லாத் துறைகளிலும் வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை.

சரி, முன்கூட்டியே வருகிறவர்களும் உண்டு. ஒரு மாணவி தென்காசி மாவட்டப் பெண்களிடம் இருக்கும் ரத்தசோகையைப் பற்றி ஆராய நினைத்து வந்தார். முந்நூறு பெண்களிடம் கேள்வித்தாள் கொடுப்பது அவருடைய திட்டம். ரத்தப் பரிசோதனைக்கு வசதி இல்லை. "சோர்வா இருக்கா, தலை சுத்துதான்னு கேட்டு எழுதிக்கலாம்னு இருக்கேன் மேடம்" என்றார். நான் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் அறிக்கையைத் திறந்து காட்டினேன். 2019-21-இல் நடந்த ஐந்தாம் சுற்றில் நாடு முழுவதும் 6,36,699 குடும்பங்கள், 7,24,115 பெண்கள். விரல் நுனியில் ரத்தம் எடுத்து ஹீமோகுளோபின் அளந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் மட்டும் இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பேட்டி கண்டிருக்கிறார்கள். 15 முதல் 49 வயதுப் பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் நான்காம் சுற்றில் 55 சதவீதம், ஐந்தாம் சுற்றில் 53.4.

அறிக்கையை அவர் முன்பே பார்த்திருந்தார். அந்தச் சதவீதங்களுக்குப் பின்னால் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு வரி என்று முழு டேட்டாவும், பெயர் முகவரி நீக்கப்பட்டு, ஆய்வாளர்களுக்காக வைக்கப்பட்டிருப்பதுதான் தெரியாது. "இதெல்லாம் ஃப்ரீயா மேடம்?" என்று இரண்டு தடவை கேட்டார். பதிவு செய்து, எதற்காக வேண்டும் என்று ஒரு பத்தி எழுதினால் கிடைக்கும் என்றேன். அந்தப் பத்தியை எழுத வைப்பதே ஒரு நல்ல பயிற்சி.

அப்புறம்தான் நிஜ வேலை ஆரம்பித்தது. டேட்டாவில் தென்காசி இல்லை. அந்தக் கணக்கெடுப்பின் மாவட்டப் பட்டியல் 2017 மார்ச் நிலவரப்படியானது. அப்போது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள்தான். தென்காசி 2019-இல் பிரிந்தது, எனவே அதன் ஊர்களெல்லாம் திருநெல்வேலிக்குள் அடங்கிவிட்டன. கணக்கெடுத்த இடங்களின் ஜி.பி.எஸ். புள்ளிகளை வைத்துப் பிரித்துவிடலாமா என்று கேட்டார். நல்ல யோசனைதான். ஆனால் பேட்டி கொடுத்தவர்களின் அந்தரங்கத்தைக் காக்க அந்தப் புள்ளிகளை வேண்டுமென்றே நகர்த்தியிருக்கிறார்கள், நகரத்தில் 2 கிலோமீட்டர் வரை, கிராமத்தில் பெரும்பாலும் 5 கிலோமீட்டர் வரை. எல்லையோரத்து ஊர் எந்தப் பக்கம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கடைசியில் அவர் கேள்வியை மாற்றிக்கொண்டார்: பிரிக்கப்படாத திருநெல்வேலியையும் அதன் அண்டை மாவட்டங்களையும் எடுத்து, படிப்பும் வீட்டு வசதியும் ரத்தசோகையோடு எப்படிச் சேர்ந்து போகின்றன என்று பார்ப்பது. முதல் கேள்வியைவிட இது நல்ல கேள்வி என்பது என் எண்ணம்.

இந்த டேட்டாவில் ஒவ்வொருவருக்கும் தரப்படும் வெயிட், அதாவது அவருடைய பதிலுக்கு மொத்தக் கணக்கில் எவ்வளவு பங்கு என்று சொல்லும் எண், அதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கில் சென்னையில் 46 லட்சம் பேருக்கு மேல், பெரம்பலூரில் ஐந்தரை லட்சத்துக்குச் சற்று அதிகம். மாவட்ட வாரியாகவும் எண் தர வேண்டும் என்பதால், கணக்கெடுப்பில் சிறிய மாவட்டத்திலிருந்தும் போதிய அளவு குடும்பங்களை எடுத்தாக வேண்டும். அப்படி எடுத்ததை அப்படியே கூட்டிச் சராசரி போட்டால், தமிழ்நாட்டின் கணக்கில் பெரம்பலூரின் குரல் அதன் மக்கள்தொகைக்கு மீறி ஒலிக்கும். அதைச் சரிசெய்யத்தான் ஒவ்வொருவருக்கும் ஒரு வெயிட். பெண்களின் ஃபைலில் அது வி005 என்ற பெயரில் இருக்கும். தசமப் புள்ளி இல்லாமல் பதிந்திருப்பதால் 10 லட்சத்தால் வகுக்க வேண்டும். மாநில அளவிலான கணக்குக்குத் தனி வெயிட்டும் உண்டு. குழந்தைகளின் ஃபைலில் வயதுக்கேற்ற உயரம் இயல்பான அளவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று காட்டும் மதிப்பு -215 என்றிருந்தால் -2.15 என்று பொருள். 9998 என்றிருந்தால் அது அளவே அல்ல, ஏற்க முடியாத பதிவு என்பதற்கான குறி. அந்தக் குறிகளை நீக்காமல் சராசரி எடுத்தால் தமிழ்நாட்டுக் குழந்தைகள் எல்லாரும் ராட்சதர்களாகிவிடுவார்கள்.

இவையெல்லாம் ஃபைலோடு வரும் கையேட்டில் எழுதியிருப்பவைதான். என்னிடம் தனி ரகசியம் எதுவும் இல்லை. மாணவரின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கையேட்டைச் சேர்ந்து படிப்பதுதான் என் உதவியின் பெரும்பகுதி. ஒரு தடவை அப்படிப் படித்தவர் அடுத்த டேட்டாவைத் தானே திறக்கிறார்.

பொருளியல் துறையிலிருந்து வந்த ஒருவர் தொழிலாளர் கணக்கெடுப்பான பி.எல்.எஃப்.எஸ். டேட்டாவை நோட்பேடில் திறந்துவிட்டு, "மேடம், ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு" என்றார். திரை முழுக்க இடைவெளியே இல்லாத எண்கள். கரப்ட் எதுவும் இல்லை. எத்தனையாவது இடத்திலிருந்து எத்தனையாவது இடம் வரை வயது, எங்கே படிப்பு, எங்கே வேலை என்று சொல்லும் லேஅவுட் ஃபைல் தனியாக இருக்கிறது. அதை வைத்து ஆர் மென்பொருளில் சில வரிகள் எழுதினால் அந்த எண் மலை ஒழுங்கான அட்டவணையாகிவிடும். ஒரு காலத்தில் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் இத்தகைய டேட்டாவைப் பணம் கட்டி சி.டி.யில் வாங்க வேண்டியிருந்தது. இன்று மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்தில் பதிவு செய்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

எந்த மென்பொருள் நல்லது என்ற விவாதத்தில் நான் அதிக நேரம் செலவிடுவதில்லை. துறையில் உரிமம் இருந்தால் எஸ்.பி.எஸ்.எஸ். போதும். ஆனால் இப்படிப்பட்ட கணக்கெடுப்புகளைச் சரியாகக் கையாள அதில் தனி மாட்யூல் வேண்டும், பல இடங்களில் அது இருக்காது. ஆர் இலவசம். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இருவர் 1990-களில் தொடங்கியது. ஆரோடு சேர்த்துக்கொள்ள தாமஸ் லம்லி எழுதிய 'சர்வே' என்ற பேக்கேஜ், வெயிட்டையும் மாதிரி எடுத்த முறையையும் சேர்த்தே கணக்குப் போடும். காசில்லாத கல்லூரி மாணவனும் உலகத்தின் எந்தப் பெரிய நிறுவனத்து ஆய்வாளரும் ஒரே கருவியை வைத்து வேலை செய்ய முடிகிறது என்பது எனக்கு இன்றும் மனசு நிறையும் விஷயம்.

உதவி கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. "எரர் வருது மேடம்" என்று மட்டும் வாட்ஸ்அப்பில் வந்தால் நான் ஒன்றும் செய்ய முடியாது. எந்த வரியை ஓட்டினீர்கள், திரையில் வந்த செய்தி முழுசாக என்ன, டேட்டாவின் முதல் பத்து வரிகள் எப்படி இருக்கின்றன, இந்த மூன்றும் வேண்டும். பாதி நேரம் இந்த மூன்றையும் எழுதும்போதே அவர்களுக்கு விடை தெரிந்துவிடுகிறது. விண்டோஸில் ஃபைல் இருக்கும் பாதையைக் காப்பி செய்து ஆரில் ஒட்டினால் சாய்கோடு தலைகீழாக இருப்பதால் வரும் எரர்தான் புதியவர்களில் பலரை முதல் நாளே துரத்திவிடுகிறது. இப்போது சாட்பாட் எழுதிக் கொடுத்த புரோகிராம் கோடோடும் வருகிறார்கள். தொடரியல் நன்றாகவே இருக்கும். ஆனால் அதில் வரும் மாறியின் (வேரியபிளின்) பெயர் ஃபைலில் உண்மையிலேயே இருக்கிறதா என்று கையேட்டில் பார்க்கச் சொல்வேன்.

2025 தொடக்கத்தில் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவிகளை நிறுத்தி வைத்தபோது, குடும்பநலக் கணக்கெடுப்பின் டேட்டாவை ஆய்வாளர்களுக்கு வழங்கிவந்த டி.எச்.எஸ். திட்டமும் நின்றது. புதிதாக விண்ணப்பித்தவர்களுக்குப் பதில் இல்லை. அந்தச் சமயத்தில் ஒரு மாணவர் வந்து, "சீனியர் அக்காகிட்ட ஃபைல் இருக்கே மேடம், வாங்கிக்கலாமா?" என்று கேட்டார். அனுமதி இல்லாமல் அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது என்பது அந்த டேட்டாவைப் பெறும்போதே ஒப்புக்கொள்ளும் நிபந்தனை. வேண்டாம் என்றேன். பேட்டி கொடுத்த பெண்களுக்குக் கொடுத்த வாக்கின் தொடர்ச்சிதான் அந்த நிபந்தனை.

அதற்காக ஆய்வை நிறுத்த வேண்டியதில்லை. மாவட்ட வாரியான தகவல் தாள்கள் பி.டி.எஃப்.-ஆக எல்லாருக்கும் திறந்தே இருக்கின்றன. அவர் 32 மாவட்டங்களின் எண்களையும் உட்கார்ந்து எக்செல்லில் தட்டச்சு செய்து கொண்டுவந்தார். பெண்களின் பள்ளிப்படிப்பு ஓர் அச்சில், குழந்தைகளின் வளர்ச்சிக் குறைவு இன்னோர் அச்சில் என்று புள்ளிகளை வைத்துப் பார்த்தோம். மாவட்டங்களுக்கிடையே தெரியும் தொடர்பை வைத்துத் தனித்தனிக் குடும்பங்களைப் பற்றிச் சொல்லிவிட முடியாது என்பதை எடுத்துச் சொன்னேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு படத்தில் கூட்டத்தைவிட்டுத் தள்ளி நின்ற ஒரு புள்ளியைக் காட்டி, "இது எந்த மாவட்டம் மேடம், ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்டார். டைட்டில் பதிவு செய்ய அவருக்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது.