கதையே இல்லாத ஒரு புத்தகம்: ‘குட்நைட் மூன்’ பற்றி

‘இதுல கதையே இல்லையே?’ ‘குட்நைட் மூன்’ என்ற ஆங்கிலப் படப்புத்தகத்தை முதல் தடவை புரட்டும் அப்பா அம்மாக்கள் கேட்கும் கேள்வி இதுதான். கேள்வி நியாயமானது. பச்சைச் சுவர் கொண்ட பெரிய அறையில் ஒரு முயல்குட்டி படுத்திருக்கிறது. அறையில் என்னென்ன இருக்கின்றன என்று முதல் பாதி சொல்கிறது. அவற்றுக்கு ஒவ்வொன்றாக ‘குட்நைட்’ சொல்லிவிட்டு முயல்குட்டி தூங்கிப்போவது இரண்டாம் பாதி. திருப்பம் கிடையாது, கெட்டவன் கிடையாது. மொத்தமே ஏறத்தாழ 130 சொற்கள்தான்.

அமெரிக்காவில் குழந்தை பிறந்த வீட்டுக்குப் பரிசாகப் போகும் புத்தகங்களில் இதற்குத் தனி இடம் உண்டு. அங்கே இருக்கும் தமிழ் வீடுகளுக்கும் அப்படித்தான் வந்து சேருகிறது. வந்த பிறகு வீட்டில் இரண்டு கட்சி. ஒருவருக்கு இது இல்லாமல் குழந்தையைப் படுக்க வைக்கவே முடியாது. இன்னொருவருக்கு இருபதாவது தடவை படிக்கும்போது பொறுமை போய்விடும். நான் முதல் கட்சி. ஆனால் இரண்டாவது கட்சி சொல்வதில் எது சரி, எது படிக்கும் முறையால் வந்த கோளாறு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கதைப் புத்தகமாக எடை போட்டால் இது தோற்றுத்தான் போகும். நாள் முழுக்க ஓடிக் களைத்த ஒன்றரை வயதுக் குழந்தையின் மூச்சை நிதானத்துக்குக் கொண்டுவரும் கருவியாகப் பார்த்தால், இவ்வளவு நேர்த்தியாகச் செய்த இன்னொரு படப்புத்தகத்தை நான் பார்த்ததில்லை.

இந்தச் சண்டை புதிதும் அல்ல. புத்தகம் வந்தது 1947 செப்டம்பரில், நியூயார்க்கின் ஹார்ப்பர் அண்ட் பிரதர்ஸ் வெளியீடாக. எழுதியவர் மார்கரெட் வைஸ் பிரவுன், படம் கிளெமென்ட் ஹர்ட், பதிப்பாசிரியர் அர்சுலா நார்ட்ஸ்ட்ரம். அப்போது அந்த ஊரில் குழந்தை இலக்கியம் பற்றி இரண்டு பார்வைகள் மோதிக்கொண்டிருந்தன. நியூயார்க் பொது நூலகத்தின் குழந்தைகள் பிரிவை 1906 முதல் 1941 வரை நடத்திய ஆன் கரோல் மூர், தேவதைக் கதையும் பழங்கதையுமே குழந்தைக்கு ஏற்றவை என்ற கருத்துடையவர். ஓய்வு பெற்ற பிறகும் அவர் செல்வாக்கு குறையவில்லை. எதிர்ப்பக்கம், ஆசிரியர் பயிற்சியும் தந்த பேங்க் ஸ்ட்ரீட் பள்ளி. அதை நடத்திய லூசி ஸ்ப்ரேக் மிட்செல், சின்னக் குழந்தைக்கு ‘ஒரு ஊரில் ஒரு ராஜா’ வேண்டாம், கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவையே அதிசயம் என்று சொன்னவர். மார்கரெட் பிரவுன் அங்கே பயின்றவர். எழுதியதைப் பள்ளிப் பிள்ளைகளிடம் படித்துக் காட்டி, அவர்கள் எங்கே கவனிக்கிறார்கள், எங்கே நெளிகிறார்கள் என்று பார்த்துத் திருத்தும் பழக்கம் அவருக்கு இருந்தது.

நூலகம் புத்தகத்தை வாங்கவில்லை. தாங்க முடியாத நெகிழ்ச்சி என்பது அவர்களுடைய உள் மதிப்புரையின் தீர்ப்பு. 1972 வரை அந்த நூலகத்தில் பிரதியே கிடையாது. 2020இல் தங்கள் 125 ஆண்டு வரலாற்றில் அதிகம் இரவல் போன பத்துப் புத்தகங்களின் பட்டியலை வெளியிட்டபோது, இந்த விடுபட்ட காலம் இல்லாவிட்டால் இதுவும் பட்டியலில் வந்திருக்கும் என்று அவர்களே தனியாகக் குறிப்பு எழுதினார்கள். விற்பனையும் உடனே எழவில்லை. முதலில் சுமார் 6,000 பிரதிகள் போனது, 1953இல் ஆண்டுக்கு 1,500 அளவுக்கு இறங்கியது. 1970இல் கிட்டத்தட்ட 20,000. நூலகத்தின் கதவு திறக்கும் முன்பே வந்த ஏற்றம் இது. ஒரு வீட்டில் குழந்தை தூங்கியதைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரர் வாங்கியிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மார்கரெட் பிரவுன் அதைப் பார்க்க இருக்கவில்லை. 1952இல் 42 வயதில் இறந்துவிட்டார்.

புத்தகத்தை ‘ஒன்றுமே இல்லை’ என்பவர்கள் பெரும்பாலும் எழுத்தை மட்டும் படித்திருப்பார்கள். நடப்பதெல்லாம் படத்தில் நடக்கிறது. அறையில் இரண்டு கடிகாரங்கள் இருக்கின்றன. தொடக்கத்தில் இரண்டும் ஏழு மணி காட்டும், முடிவில் எட்டு பத்து. ஆக, நாம் சில நிமிடங்களில் படித்து முடிப்பது முயல்குட்டிக்கு எழுபது நிமிடம். வண்ணப் பக்கத்துக்கு வண்ணப் பக்கம் அறை கொஞ்சம் கொஞ்சமாக இருளும், ஜன்னலில் நிலா மேலேறும். பொம்மை வீட்டின் ஜன்னல்களில் மட்டும் வெளிச்சம் கடைசிவரை எரியும். ஒரு குட்டி எலி இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஆடும் நாற்காலியில் பின்னிக்கொண்டிருந்த பாட்டி முயல் கடைசிப் படத்தில் இல்லை, நாற்காலியில் பூனைக்குட்டிகள் தூங்குகின்றன. பாட்டி எழுந்து போனதைப் பற்றி எழுத்தில் ஒரு வார்த்தை கிடையாது. குழந்தை உறங்கிவிட்டது என்று தெரிந்ததும் பெரியவர்கள் சத்தமில்லாமல் எழுந்து போவோமே, அது அப்படியே படத்தில் இருக்கிறது. இதைக் கண்டுபிடித்த நாளில் முதல் கட்சிக்கு மாறிய பெற்றோர் உண்டு.

வண்ணப் பக்கங்களுக்கு நடுவே கறுப்பு வெள்ளைப் பக்கங்கள் வரும். அவற்றில் அறை இருக்காது, ஒன்றிரண்டு பொருள்கள் மட்டும். கண்ணுக்கு அது ஓய்வு. பளீர் பச்சையும் சிவப்பும் தூங்கும் நேரத்துக்கு ஒவ்வாது என்று குறை சொல்பவர்கள் இந்த மாறிமாறி வரும் அமைப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. ஹர்ட் பாரிஸில் ஃபெர்னான் லெஜேயிடம் ஓவியம் படித்தவர். அந்தத் தட்டையான, அழுத்தமான வண்ணம் அங்கிருந்து வந்தது. பிழைகளும் உண்டு: கட்டிலுக்கு மேலே இருக்கும் சிவப்பு பலூன் சில படங்களில் காணாமல் போய்த் திரும்பி வரும். இரண்டரை வயதுக் குழந்தை ஒருநாள் இதைக் கேட்கும், தயாராக இருங்கள்.

இனி எதிர்க்கட்சியின் புகார்கள். தூங்கும் இடத்தில் பலூன், தடுப்பில்லாத கணப்பு, ராத்திரி முழுக்க மூடாமல் கிடக்கும் கூழ்க் கிண்ணம் என்று பாதுகாப்பு பார்க்கும் பெற்றோர் சொல்வது உண்மை. உடைந்த பலூன் எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மூச்சடைக்கும் ஆபத்து என்று அமெரிக்காவில் பலூன் பையிலேயே எச்சரிக்கை அச்சடிக்க வேண்டும். ஆனால் இது 1947ஆம் ஆண்டின் அறை. குழந்தை பலூன் கேட்டால் ‘பலூன் பகல்ல’ என்று ஒரே வரியில் முடித்துக்கொள்ளுங்கள். விளக்கம் சொல்லத் தொடங்கினால் தூக்கம் கலைந்துவிடும்.

காலத்துக்கேற்பப் புத்தகத்தைத் திருத்துவதும் பழைய வழக்கம்தான். அறைச் சுவரில் மாட்டிய படத்தில் நிலாவைத் தாண்டும் பசுவின் மடியை நூலகர்கள் முகம் சுளிக்காதபடி அடக்கி வரையச் சொன்னவர் பதிப்பாசிரியர் நார்ட்ஸ்ட்ரமே. 2005இல் பதிப்பகம் ஹர்ட்டின் புகைப்படத்தில் அவர் விரலிடுக்கில் இருந்த சிகரெட்டைக் கணினியில் அழித்தது. அதற்கும் பெற்றோர் இரண்டாகப் பிரிந்து வாதாடினார்கள்.

எனக்குக் கனமாகப் படும் புகார் வேறு. அவ்வளவு பெரிய அறையில் குழந்தை தனியாகக் கிடக்கிறது, பாட்டி தூர உட்கார்ந்து ‘உஷ்’ என்கிறாள், தொடுவதே இல்லை. பக்கத்தில் படுத்து முதுகைத் தட்டித் தூங்கவைக்கும் நம் வீடுகளில் இது உறுத்தத்தான் செய்யும். அந்த உறுத்தல் சரி என்றே நினைக்கிறேன். தீர்வு நம் கையில்: மடியில் வைத்துப் படித்தால் புத்தகத்தில் இல்லாத அணைப்பை நாம் கொடுத்துவிடுகிறோம். தள்ளி நாற்காலியில் உட்கார்ந்து படிக்கவே கூடாத புத்தகம் இது.

அடுத்து, படிக்கும் முறை. பெரும்பாலான ஏமாற்றம் வேகத்தால் வருகிறது. 130 சொற்களைப் பேசும் வேகத்தில் படித்தால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், குழந்தை ‘இன்னொரு தடவை’ என்று எழுந்து உட்காரும். நான்கைந்து நிமிடம் எடுக்க வேண்டும். ஒரு பக்கம் படித்ததும் ஒரு முழு மூச்சு உள்ளே இழுத்து வெளியே விட்டுப் பிறகு பக்கத்தைத் திருப்புங்கள். குழந்தை உங்கள் மார்பில் சாய்ந்திருந்தால் மூன்றாவது நான்காவது பக்கத்தில் அதன் மூச்சும் உங்களோடு சேர்ந்துகொள்ளும். முதல் பாதிக்குச் சாதாரணக் குரல், ‘குட்நைட்’ வரிகள் தொடங்கியதும் ஒரு படி கீழே, விண்மீன், காற்று, ஓசைகள் என்ற கடைசி மூன்றுக்கு வெறும் கிசுகிசுப்பு. கடைசி வரிவரை ஒரே குரலில் படிப்பவர்கள்தான் ‘எங்க வீட்ல வேலை செய்யல’ என்கிறார்கள்.

நடுவில் ஒரு வெற்றுப் பக்கம் வரும். யாருமில்லாததற்கும் ஒரு ‘குட்நைட்’. சில பெற்றோருக்கு இது பயமாக இருக்கிறது, இரண்டு பக்கத்தைச் சேர்த்துத் திருப்பிவிடுகிறார்கள். தேவையில்லை. குழந்தைக்கு அது வெறும் வெள்ளைப் பக்கம். சொல்லிவிட்டு இரண்டு மூச்சு சும்மா இருங்கள். புத்தகத்திலேயே ஆழமான அமைதி அங்கேதான் இருக்கிறது.

எலி தேடும் விளையாட்டு பகலுக்கு. ராத்திரியில் ‘எலி எங்கே காட்டு’ என்று கேட்டால் குழந்தை தேர்வு எழுதும் மனநிலைக்குப் போய் விழித்துக்கொள்ளும். அதுவாகவே விரல் வைத்தால் தலையசைத்துவிட்டு நகருங்கள். ‘இது என்ன கலர்?’ வேண்டவே வேண்டாம்.

விளக்கு முக்கியம். வெள்ளை எல்இடி விளக்கின் கீழ் படங்கள் இருள்வது கண்ணில் படாது. மிக மங்கலாக வைத்தால் கடைசிப் பக்கங்கள் கறுப்பாகத் தெரியும். மஞ்சள் ஒளி விளக்கு ஒன்று, தோளுக்குப் பின்னாலிருந்து, வழவழப்பான தாளில் பிரதிபலிக்காத கோணத்தில் இருக்கட்டும். டேப்லெட்டில் படிப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒளிரும் திரையில் அறை இருளவே இருளாது, புத்தகத்தின் பாதி வேலை அங்கேயே போய்விடும். பிரதி வாங்கும்போது, ஒன்றரை வயதுக்குக் கீழே என்றால் கெட்டி அட்டைப் பக்கங்கள் கொண்ட சிறு பதிப்பு. கடித்தாலும் தாங்கும், ஆனால் எலியும் கடிகாரமும் மிகச் சிறிதாகத் தெரியும். அதற்கு மேலே பெரிய தாள் பதிப்பு. நான்கு வயதில் தொடங்கினால் பெரும்பாலும் ஒட்டாது. அந்த வயதுக்குக் கதை வேண்டும், மூரின் கட்சி சொன்னது அங்கே சரி.

தமிழில் சொல்ல நினைக்கிறவர்களுக்கு இரண்டு தடங்கல்கள். முதலாவது, அறையில் உள்ளவை பல ஆங்கிலக் குழந்தைப் பாட்டிலும் பழங்கதையிலும் இருந்து வந்தவை: நிலாவைத் தாண்டும் பசு, நாற்காலியில் மூன்று கரடிகள், கையுறையோடு பூனைக்குட்டிகள். அவை தெரியாத குழந்தைக்கு வெறும் சாமான்களாகத்தான் இருக்கும். பகலில் அந்தப் பாட்டுகளை ஒருமுறை பாடிக்காட்டினால் போதும். இரண்டாவது, ஆங்கிலத்தில் ஓசை வரியின் கடைசியில் கூடுகிறது. வார்த்தைக்கு வார்த்தை மாற்றினால் அது உதிர்ந்து பட்டியல் மட்டும் மிஞ்சும். ‘இரவு வணக்கம்’ என்று எந்தக் குழந்தையிடமும் யாரும் சொல்வதில்லை. ‘தூங்கட்டும்’ என்று முடித்துப் பாருங்கள், முடிவு தானாக ஒலிக்கும், முன்னால் எதுகையை வைத்துக்கொள்ளலாம்: ‘பூனையும் தூங்கட்டும், பானையும் தூங்கட்டும். எலியும் தூங்கட்டும், ஒலியும் தூங்கட்டும்.’ சில நாள் கழித்து உங்கள் அறையில் இருப்பதைச் சேருங்கள்: ஃபேன், கொசுவலை, கதவுக்குப் பின்னால் தொங்கும் சட்டை. தினமும் அதே வரிசையில் சொல்ல வேண்டும். வரிசை மாறினால் குழந்தை திருத்தும், திருத்தினால் விழித்துவிடும்.

கெட்டி அட்டைப் பதிப்பை மூடும்போது ‘டப்’ என்று ஒரு சத்தம் வரும். பாதி உறங்கிய குழந்தையை எழுப்ப அது போதும். கடைசிப் பக்கத்தை மூடாமல், திறந்தபடியே ஓரமாக வைத்துவிடுங்கள்.