மெல்க் நாட்குறிப்பு: பாறை மேல் ஒரு மஞ்சள் மடம்

அக்டோபர் 10, இரவு

மெல்க் வந்து சேர்ந்தாயிற்று. வியன்னாவுக்கு மேற்கே 85 கிலோமீட்டர். டான்யூப் ஆறு வாகௌ பள்ளத்தாக்குக்குள் நுழையும் முனை. ரயில் நிலைய வாசலில் நின்று நிமிர்ந்தால் நேர் எதிரே, ஊரின் கூரைகளுக்கெல்லாம் மேலே, மஞ்சளும் வெள்ளையுமாக மடம். யாரிடமும் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை.

துறவு மடம் இப்படி மலைமுகட்டில் ஏறி நின்றுகொண்டு ஊரைப் பார்ப்பானேன்? காரணம் எளியது. இது முதலில் கோட்டை. அன்று ஆஸ்திரியாவை ஆண்ட பாபன்பெர்க் குலத்து இரண்டாம் லெயோபோல்ட் 1089-இல் தன் கோட்டையை லாம்பாக் மடத்திலிருந்து வந்த ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) சபைத் துறவிகளுக்குக் கொடுத்தான். அன்றிலிருந்து அவர்கள் இங்கேதான். 1297-இல் ஒரு பெருந்தீ, பிறகு மறுகட்டுமானம், சீர்திருத்தங்கள், போர்கள். இன்று நாம் பார்ப்பது பெரும்பாலும் 18-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் எழும்பியது.

அக்டோபர் 11

இன்று கோயிலோடு சரி. மற்ற பகுதிகளுக்குப் போகக் கால் வரவில்லை.

முதலில் மனிதர்களைச் சொல்லிவிடுகிறேன். பெர்த்தோல்ட் டீட்மையர் 1700-இல் மடாதிபதியானபோது அவருக்கு வயது 30. பின்னாளில் வியன்னா பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பிலும் இருந்தவர்; அரசவையில் செல்வாக்கு உள்ளவர். 1683-இல் வியன்னாவைச் சூழ்ந்த துருக்கியர் முற்றுகை முறிந்தபின் ஆஸ்திரியா முழுக்கக் கட்டட மோகம் பிடித்து ஆட்டிய காலம் அது. 1702-இல் வேலை தொடங்கியது. அவர் தேர்ந்தெடுத்த யாக்கோப் பிராண்ட்டவர் அரண்மனைக் கட்டடக் கலைஞர் அல்ல. டிரோல் மலைநாட்டில் பிறந்து, சாங்க்ட் பெல்ட்டன் ஊரில் குடியேறிய கொத்தனார். கல்லைக் கையால் தொட்டு வளர்ந்தவர். எனக்கு இந்தக் கூட்டணியே பிடித்திருக்கிறது: பேராசைக்கார மடாதிபதியும் நிதானமான கொத்தனாரும்.

உள்ளே நுழைந்ததும் முதல் சில நிமிடங்கள் கண் எதிலும் நிலைக்கவில்லை. தங்கம், செம்பழுப்பு, காவி, மறுபடி தங்கம். சுவர் நேராக நிற்க மறுக்கிறது. பக்கத்துப் பீடங்களுக்கு மேலுள்ள மாடங்கள் அலைபோல வளைந்து முன்னே வருகின்றன, நாடக அரங்கின் மாடங்களைப் போலவே. உள்ளலங்காரத்தில் பங்கு பெற்ற அந்தோனியோ பெதுட்சி மேடை அலங்காரமும் செய்தவர் என்று அறிந்தபோது சிரிப்பு வந்தது. விதான ஓவியங்கள் யோஹான் மிக்கேல் ரோட்மையருடையவை. 64 மீட்டர் உயரக் குவிமாடத்தின் சாளரங்களிலிருந்து இறங்கும் வெளிச்சம்தான் இந்தக் கூட்டத்தை ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது. அது இல்லையென்றால் இத்தனை தங்கமும் வெறும் நகைக்கடை.

நடுப்பீடத்தில் இராயப்பரும் (பேதுரு) சின்னப்பரும் (பவுல்) கொலைக்களத்துக்குப் போகுமுன் கைபற்றி விடைபெறுகிறார்கள். மேலே பெரிய பொன்முடி. அங்கே லத்தீனில், முறைப்படி போராடாதவனுக்கு முடி இல்லை என்ற பொருளில் சின்னப்பரின் வாசகம். விடைபெறும் இரண்டு கிழவர்களின் துயரத்தை இவ்வளவு பளபளப்புக்கு நடுவில் வைத்தால் எடுபடுமா என்று சந்தேகப்பட்டேன். எடுபடுகிறது.

பக்கப் பீடங்களில் கண்ணாடிப் பேழைக்குள் எலும்புக்கூடுகள், பட்டும் மணியும் உடுத்தி, ஒருக்களித்துச் சாய்ந்து படுத்திருக்கின்றன. உரோமை நிலவறைக் கல்லறைகளிலிருந்து கொண்டுவந்தவை. பெயர் தெரியாததால் இங்கே பெயர் சூட்டியிருக்கிறார்கள். ஒருவர் கிளமென்ஸ், மற்றவர் பிரடெரிக். பக்கத்தில் நின்ற சிறுவன் அவனுடைய அப்பாவை விடவே இல்லை, இது நிஜமா, இது நிஜமா என்று. நியாயமான கேள்வி.

அக்டோபர் 12

அந்தச் சிறுவனின் கேள்வியை இன்று நாள் முழுக்க நானும் கேட்டுக்கொண்டே நடந்தேன்.

பளிங்கு மண்டபத்தில் பளிங்கு எங்கே என்றால், கதவுச் சட்டங்களில் மட்டும். சுவரெல்லாம் சுதை. சாந்தில் நிறம் குழைத்து, பூசி, காயவிட்டு, பலமுறை தேய்த்துக் கல்லாக்கியிருக்கிறார்கள். மலிவுக்காக மட்டும் செய்த வேலை என்று எண்ண வேண்டாம். தேர்ந்த கைகள் வேண்டும், நாளும் நிறையப் பிடிக்கும். கூடவே, வேண்டிய நிறம் வேண்டிய இடத்தில் கிடைக்கும். மலை அப்படிச் சொன்னபடி கேட்காது.

அண்ணாந்து பார்த்தால் தூண்கள் இன்னும் ஒரு மாடி உயரம் போவதுபோல் இருக்கும். அதுவும் பொய். விதானம் கொஞ்சமாகத்தான் வளைந்திருக்கிறது. கயெத்தானோ ஃபாந்தி வரைந்த கட்டடம் அது. மண்டபத்தின் நடுவில் நின்றால் தூண்கள் நிமிர்ந்து நிற்கின்றன. சுவரோரம் நகர்ந்தால் சரிந்து விழப் பார்க்கின்றன. அதன் நடுவே பவுல் ட்ரோகர் சிங்கம் பூட்டிய தேரில் பல்லஸ் அதீனாவையும், கதாயுதம் ஏந்திய ஹெர்குலிஸையும் 1731 வாக்கில் தீட்டினார். ஹெர்குலிஸ் என்றால் பேரரசர் ஆறாம் கார்லுக்கான முகத்துதி என்பது அன்றைய விருந்தாளி எல்லோருக்கும் தெரியும். துறவிகளின் கூரையில் கிரேக்கத் தெய்வங்கள்! யாரும் முகம் சுளித்ததாகத் தெரியவில்லை. தரையின் நடுவில் இரும்புக் கிராதி ஒன்று. கீழிருந்து வெங்காற்று ஏற்றி மண்டபத்தைச் சூடாக்கினார்களாம். சாமி சத்தியமாக, இன்று நான் அதிகம் ரசித்தது அந்தக் கிராதியைத்தான்.

மண்டபத்திலிருந்து வெளியே வந்தால் திறந்த மாடம், கீழே ஆறு. மாடத்தின் மறுமுனையில் நூலகம். பிராண்ட்டவரின் கெட்டிக்காரத்தனம் இங்கே தெரிகிறது. மண்டபம் ஒரு பக்கம், நூலகம் மறுபக்கம், இரண்டையும் இணைப்பது தாழ்வான மாடம் மட்டும். அது உயர்ந்திருந்தால் பின்னாலுள்ள கோயில் முகப்பு மறைந்திருக்கும். தாழ்த்தி, நடுவில் வளைவும் திறந்துவிட்டதால், படகில் வருபவனுக்கு இரட்டைக் கோபுரமும் நடுவே உயிர்த்த கிறிஸ்துவும் முழுசாகத் தெரிகிறார்கள்.

நூலகத்தில் பேச்சே வரவில்லை. மடத்தின் மொத்தச் சேகரம் ஏறத்தாழ ஒரு லட்சம் நூல், அதில் 1,800 கையெழுத்துச் சுவடிகள். நூல்களுக்கு ஒரே பழுப்புத் தோலும் பொன்னெழுத்தும் போட்டு அறையின் நிறத்தோடு இசைத்திருக்கிறார்கள். இங்கேயும் விதானம் ட்ரோகர். மூலைகளில் வெண்கலச் சிலைகள் நான்கு. அவை மரமாம், வெண்கலப் பூச்சாம். இதற்குள் எனக்குப் பழகிவிட்டது.

அக்டோபர் 13

கொலோமான் திருநாள். ஊரில் சந்தை, கடைகள், இஞ்சி ரொட்டி, கம்பளிக் குல்லாய். யார் இந்தக் கொலோமான்? புனித நாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த அயர்லாந்துப் பயணி. மொழி தெரியாத அந்நியனை உளவாளி என்று சந்தேகித்து 1012-இல் ஸ்டொக்கராவில் தூக்கிலிட்டார்கள். பிணம் அழுகவில்லை என்ற பேச்சு பரவ, 1014-இல் இதே அக்டோபர் 13 அன்று உடலை மெல்க்குக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். துறவிகள் வருமுன்பே இங்கே வந்துவிட்ட புனிதர். சந்தேகப்பட்டுக் கொன்ற நாடே பின்பு காவல் புனிதராக வைத்துக் கொண்டாடியது. கொண்டாடட்டும், அது அந்த மனிதனுக்கு உதவவில்லை.

அக்டோபர் 14

காலையில் ஊரின் இன்னொரு பக்கம் போனேன். ராணுவக் குடியிருப்பில் 1944 ஏப்ரலில் நாஜிகளின் மௌதௌஸன் வதைமுகாமின் கிளை திறந்தார்கள். ஓராண்டுக்குள் ஏறத்தாழ 14,000 பேர் வந்தார்கள். 5,000 பேரளவில் இறந்தார்கள். அருகே சுரங்கம் குடையும் வேலை. பிணம் எரித்த கட்டடம் நினைவிடமாக நிற்கிறது. மடத்துக்குக் கூட்டம் கூட்டமாக வருபவர்களில் இங்கே ஒருவரையும் காணவில்லை.

அக்டோபர் 15

கணக்கு வழக்குப் பார்க்கும் புத்தி எனக்கு. இவ்வளவு பெரிய வீட்டை யார் பராமரிப்பது? 196 மீட்டர் நீளப் பேரரசர் நடைக்கூடம், அரச குடும்பம் தங்குவதற்காகவே. ஆஸ்திரிய இளவரசி மரி அந்துவானெத் 1770-இல் மணப்பெண்ணாகப் பிரான்சுக்குப் போகையில் தங்கினாள். நெப்போலியன் 1805-இலும் 1809-இலும். பேரரசர் இரண்டாம் யோசெஃப் மடங்களை மூடிக்கொண்டு வந்தபோது மெல்க் தப்பியதற்குப் பள்ளியும் கல்விப் புகழும் காரணம். பள்ளி இன்னும் நடக்கிறது, 900 பிள்ளைகளளவில்.

டீட்மையர் தன் வேலையின் முடிவைப் பார்க்கவில்லை. பிராண்ட்டவர் 1726-இல் இறந்தார். உடன்பிறந்தாள் மகன் யோசெஃப் முங்கனாஸ்ட் தொடர்ந்தார். 1738-இல் தீ பிடித்துக் கோபுரங்கள் நாசம். மறு ஆண்டு டீட்மையரும் போனார். இன்றைய கோபுர முடிகள் முங்கனாஸ்டின் புதுவேலை.

பிற்காலத்தில் பணம் தட்டுப்பட்டபோது மடம் தன் குட்டன்பெர்க் விவிலியத்தையே, ஐரோப்பாவில் அச்செழுத்துக் கோத்து முதலில் அச்சிட்ட பெருநூலின் பிரதியை, விற்றது. 1926, நியூயார்க் ஏலம், 1,06,000 டாலர். இப்போது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. பலர் இதைத் துரோகம் என்பார்கள். கூரை ஒழுகினால் மீதிச் சுவடிகள் என்ன ஆகும் என்று கேட்பேன் நான்.

நாளை சாங்க்ட் ஃப்ளோரியன். அது அகஸ்டின் சபை மடம். கட்டடக் கலைஞர் கார்லோனே தொடங்கி 1708-இல் இறந்தபின் பிராண்ட்டவர் பொறுப்பேற்ற இடம். அங்குள்ள படிக்கட்டு மெல்க்கை விட நன்றாக இருக்கிறதென்று விடுதிக்காரர் அடித்துச் சொல்கிறார். நேரில் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.