கால்வேயில் ஒரு ஜாய்ஸ் குடும்பத்தைத் தேடியபோது

அயர்லாந்தின் கால்வே நகரில், எயர் சதுக்கத்தில் பதினான்கு கொடிகள் பறக்கும். இடைக்காலத்தில் ஊரைக் கையில் வைத்திருந்த பதினான்கு வணிகக் குடும்பங்களின் கொடிகள் அவை: லிஞ்ச், பிளேக், மார்ட்டின், கிர்வன், ஜாய்ஸ் என்று போகும். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டியும் ஒரு ஜாய்ஸ். "நாங்களும் அந்த வம்சம்தானா, பார்த்துச் சொல்லேன்" என்றார். கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன் தலையில் இதெல்லாம் வந்து விழுவது வழக்கம்தானே.

வம்சம் என்றதும் 1484-ல் மூன்றாம் ரிச்சர்ட் கொடுத்த நகர சாசனத்திலிருந்து ஆரம்பிக்க ஆசை வரும். அது வீண் வேலை. பாட்டியிலிருந்து பின்னோக்கித்தான் போக வேண்டும். அவர் தாத்தா பிறந்த டவுன்லேண்டைத்தான் முதலில் கேட்டேன். குக்கிராமம் அளவுள்ள இந்தப் பிரிவுகள் அயர்லாந்தில் 60,000-க்கும் மேல். அது தெரியாவிட்டால் ஒன்றும் நடக்காது. ஜாய்ஸ்கள் அவ்வளவு பேர்: கால்வேக்கு மேற்கே உள்ள கானமாரா பகுதியின் வடக்கே ஒரு மலைப்பகுதிக்கே ஜாய்ஸ் நாடு என்றுதான் பெயர்.

1901, 1911 மக்கள்தொகைக் கணக்குப் படிவங்கள் தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் இலவசம். தாத்தாவின் அப்பாவுக்கு 1901-ல் வயது 56. 1911-ல் 71! காரணம் இருக்கிறது: 1909 ஜனவரியில் 70 வயதானவர்களுக்கு ஓய்வூதியம் வந்தது. அயர்லாந்தில் பாதிப் பேர் அந்தப் பத்து வருஷத்தில் இப்படித்தான் மூத்தார்களோ என்னவோ.

அதற்கு முந்தைய கணக்குகள் அநேகமாக இல்லை. 1821 முதல் 1851 வரையிலானவற்றில் பெரும்பகுதி 1922 உள்நாட்டுப் போரில், டப்ளினில் ஆவணக் காப்பகம் இருந்த ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத் தீயில் போனது. 1861 முதல் 1891 வரை உள்ளவற்றை அரசாங்கமே அழித்துவிட்டது; போரை மட்டும் திட்டிப் பயனில்லை. பிறப்புப் பதிவு தொடங்கியதோ 1864-ல்தான். மலைப்பக்கத்துத் தேவாலயப் பதிவேடும் தாத்தாவின் அப்பா பிறந்த காலத்துக்குப் பிறகுதான் ஆரம்பம்.

கைகொடுத்தது அதே ஓய்வூதியம்தான். பிறப்புச் சான்று இல்லாதவர்கள், பழைய கணக்கில் தங்கள் வயதைத் தேடித் தரச் சொல்லி விண்ணப்பித்தார்கள். கணக்கு எரிந்தும் அந்த விண்ணப்பங்கள் தப்பிவிட்டன. கிழவருடையதும் கிடைத்தது. அப்பா பெயர், அம்மா பெயர், டவுன்லேண்ட், கீழே அதிகாரி எழுதிய விடை: 1851-ல் வயது 6.

அந்த அப்பா பெயரோடு கிரிஃபித் நிலமதிப்பீட்டைப் பார்த்தேன். 1847 முதல் 1864 வரை நாடு முழுக்க வெளியான வரிப் பதிவு அது. குத்தகைக்காரர் பத்தியில் ஜாய்ஸ். பக்கத்தில், நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர் பத்தியில் பிளேக்.

கொடிக் குடும்பத்தோடு இவர்களை இணைக்கும் தாள் எதுவும் இல்லை என்று பாட்டியிடம் சொன்னேன். அவருக்கு அதில் வருத்தமில்லை. "பிளேக்குக்கு எவ்வளவு கட்டினோம்?" என்றார். குத்தகைத் தொகை அந்தப் பதிவில் இருக்காது, மதிப்பு மட்டும்தான். நிலத்துக்கு ஒரு பவுண்டு சொச்சம், வீட்டுக்கு 5 ஷில்லிங்.